ஆறு மின்சார சரக்கு ஆட்டோ, 10 கிலோவாட் இணைப்பு: எதற்கு முதலில் சார்ஜ் போடுவது?

சத்துவாச்சாரி மளிகை:
மொத்த வியாபாரம் செய்கிறோம். டீசல் வண்டிகளை விற்றுவிட்டு ஆறு மின்சார சரக்கு ஆட்டோ எடுத்தோம். ஒவ்வொன்றிலும் 8 யூனிட் பேட்டரி. சாயங்காலம் ஓட்டுநர்கள் வந்ததும் வராததுமாகச் சார்ஜரைச் செருகுகிறார்கள், டிரிப் ஆகிவிடுகிறது. காலையில் குடியாத்தம் போக வேண்டிய வண்டி பாதி சார்ஜில் நிற்கிறது. மின்வாரியத்தில் கூடுதல் சுமை கேட்பதா, இன்னொரு வண்டி வாங்குவதா?

பால்வண்டி, பாகாயம்:
இரண்டும் இப்போது வேண்டாம் ஐயா. சார்ஜர் ஒன்று 3 கிலோவாட் இழுத்தால் ஆறுக்கும் 18. மூன்று மூன்றாகப் போட்டால் 9, குடோன் விளக்குக்கும் மிச்சம் இருக்கும். காலியான பேட்டரி நிரம்ப மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்; கடைசிப் பகுதி எப்போதும் மெதுவாகத்தான் ஏறும். இரவு முழுவதும் கையில் இருக்கிறதே!

எந்த வண்டி முதலில் வந்தது என்று பார்க்காதீர்கள், நாளை எங்கே போகிறது என்று பாருங்கள். ஆற்காடு போய்த் திரும்பிய வண்டியில் பாதிக்கு மேல் மீதமிருக்கும்; நாளையும் அதே பக்கம் என்றால் இன்று அதைத் தொடவே தேவையில்லை. எங்கள் கொட்டகை வாசலில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. வண்டி எண், மீதி சதவீதம், நாளைய ஊர் மூன்றையும் ஓட்டுநரே எழுதிவிட்டுத்தான் சாவியை மாட்டுவார்.

வழியையும் மாற்றிப் பாருங்கள். காட்பாடி மேம்பால நெரிசலில் நின்றால் டீசல்தான் வீண், மோட்டார் ஒன்றும் குடிக்காது. நான்குவழிச் சாலையில் விரட்டும்போதுதான் காற்றை எதிர்த்தே சார்ஜ் கரைகிறது. அரிசி மூட்டை இறக்கும் கடையை, வழி ஒத்துவந்தால், முதலில் வையுங்கள். மீதித் தூரம் பாரம் குறைந்து ஓடும். ஐந்தில் ஒரு பங்கு சார்ஜை மட்டும் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் இருட்டில் ஓட்டுநரை நிற்க வைப்பது பாவம்.

சித்திரை, வைகாசியில் வெயிலில் வந்த வண்டியை உடனே செருக வேண்டாம். பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தால் அதன் கட்டுப்பாட்டுப் பலகையே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். தகரக் கூரையின் கீழும் நிறுத்தாதீர்கள், மர நிழலில் ஆறட்டும்.

சத்துவாச்சாரி மளிகை:
சிலேட்டு நாளைக்கே தொங்கும் அண்ணா. நள்ளிரவில் அடுத்த மூன்றை யார் மாற்றிச் செருகுவது? காவலாளிக்கு வயதாகிவிட்டது. டைமர் போட்டால் போதுமா?

காட்பாடி வயர்மேன்:
சாதாரண டைமர் வேண்டாம். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். மணிக்கணக்கில் ஓடினால் உள்ளே தொடுமுனை கருகிவிடும். டைமர் ஒரு கான்டாக்டரை (பெரிய சுமையைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) இயக்கட்டும், சார்ஜர்களின் சுமையைக் கான்டாக்டர் தாங்கட்டும். உங்களுடையது மும்முனை இணைப்புதானே? அப்படியானால் முனைக்கு ஒரு சார்ஜராகப் பிரித்தால் ஒரே கான்டாக்டரில் மூன்றும் அடங்கும். ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி எம்சிபியும் (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) மின்கசிவுத் தடுப்பானும் கட்டாயம். மழை நாளில் ஈரத் தரையில் நின்று செருகப்போவது உங்கள் ஆட்கள்தான்.