வேரோடு பிடுங்கினா ஒரே வருஷத்துல உண்ணிச்செடி ஒழிஞ்சிடுமாம்!

கட்டபெட்டு பெரியவர்:
நேத்து மலைமகன் தம்பி போட்ட பதிவைப் பார்த்ததுல இருந்து வயித்தெரிச்சல். நீலகிரியில கோத்தகிரி சரிவுல இருக்கிற உண்ணிச்செடியை, அதான் லாண்டானாங்கிற வெளிநாட்டுக் களையை, பொக்லைன் விட்டு வேரோடு பிடுங்கினா ஒரே வருஷத்துல ஒழிஞ்சிடுமாம். அதுக்கு 200 லைக் வேற! வனத்துறையில இருந்து ரிட்டயர் ஆனவன் சொல்றேன், பிடுங்கக் கூடாது. மண்ணை ஒதுக்கிட்டு, தண்டும் வேரும் சேர்ற முட்டுக்குக் கீழ, மூணு விரக்கடை, அதான் மூணு விரல் அகல ஆழத்துல ஆணிவேரை வெட்டணும். வெட்டின புதரைத் தலைகீழாப் போட்டுக் காயவிடணும். டில்லிப் பல்கலைக்கழகத்துல சி.ஆர். பாபு குழு செஞ்சு காட்டின முறை.

மலைமகன்:
ஐயா, வேரை உள்ளேயே விட்டா திரும்ப வராதா? ஸ்கூல் பசங்களுக்கே தெரியுமே.

கட்டபெட்டு பெரியவர்:
துளிர் விடறது அந்த முட்டு. அது போயிட்டா அடியில கிடக்கிற வேர் மக்கிப் போகும். மூணு விரக்கடை. திரும்பச் சொல்றேன், மூணு விரக்கடை.

மலைமகன்:
யாரு விரல்? உங்க விரலா, என் விரலா?

தேயிலைக்காரி:
எங்க தோட்டத்து ஓரத்துல ஆள் விட்டு வெட்டினோம். ஒரு மழை பெஞ்சதும் முன்னைக்கு ரெண்டு பங்கா வந்து நிக்குது. பெரியவர் சொல்றது ஏட்டுச் சுரைக்காய்.

கட்டபெட்டு பெரியவர்:
எங்கம்மா வெட்டினாங்க? தரைக்கு மேலதானே? அது டீக்குக் கவாத்து அடிச்ச மாதிரி. தளதளன்னு வராம என்ன செய்யும்?

தேயிலைக்காரி:
எனக்குக் கவாத்து சொல்லித்தர வேண்டாம் ஐயா. எங்க அப்பா காலத்துத் தோட்டம்.

சின்னான்_குருவி:
எப்படி எடுத்தாலும் பழத்தைத் தின்னுட்டு கொண்டைக்குருவி எச்சத்துல விதை போட்டுக்கிட்டேதான் இருக்கும். காய் பிடிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கணும். எடுத்த இடத்துல உடனே நம்ம ஊர்ப் புல்லை நடணும். முளைக்கிற நாத்தை வருஷா வருஷம் பிடுங்கணும். இதைப் பத்தி யாராவது பேசுவீங்களா?

மலைமகன்:
பார்த்தீங்களா, அவரே பிடுங்கணும்னுதான் சொல்றாரு.

கட்டபெட்டு பெரியவர்:
அவர் சொல்றது நாத்தை! வளர்ந்த புதரைச் சரிவுல வேரோடு பிடுங்கினா மண்ணு பொலபொலன்னு நிக்கும். 2009 நவம்பர் மண்சரிவு மறந்துபோச்சா? கோத்தகிரி, குன்னூர், கேத்தி பக்கம் எத்தனை வீடு மண்ணுக்குள்ள போச்சு? அதுவும் பொக்லைனாம். மலையில அதை இறக்கணும்னா கலெக்டர் அனுமதி வேணும், வாங்கினீங்களா?

மலைமகன்:
2009ல சரிஞ்ச இடத்துல எல்லாம் உண்ணிச்செடி பிடுங்கினாங்களா? மண்சரிவைக் காட்டிப் பயமுறுத்தாதீங்க. இவ்வளவு அக்கறை இருக்கிற நீங்க சர்வீஸ்ல இருந்தப்போ என்ன செஞ்சீங்க? புல்வெளி பூரா சீகை மரத்தையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டது உங்க டிபார்ட்மெண்ட்தானே?

கட்டபெட்டு பெரியவர்:
கற்பூர மரம் நீலகிரிக்கு வந்தது 1843. அப்போ நான் டூட்டியில இல்ல தம்பி.

மலைமகன்:
நட்டது வெள்ளைக்காரன், பரப்பினது யாரு? அதைச் சொல்ல வாய் வராதே.

வேலிக்காரர்:
எங்க காட்டு வேலியே உண்ணிச்செடிதான். எவனும் கை வைக்காதீங்க. காட்டெருமை உள்ள வந்தா நீங்களா வந்து நிப்பீங்க?

தேயிலைக்காரி:
அந்த வேலித் தழையைத் தின்னுதான் எங்க பசுவுக்குக் காமாலை வந்து, வெயில்ல நின்னா மூக்குத் தோல் வெந்து உரிஞ்சுது. வெட்னரி டாக்டர் பார்த்ததுமே கேட்டாரு, உண்ணித் தழை தின்னுச்சான்னு.

வேலிக்காரர்:
உங்க பசு எதுக்கு என் வேலிக்கு வந்துச்சு? அதை முதல்ல சொல்லுங்க.

கூடலூரான்:
எங்க பக்கம் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி ஆளுங்க அதே உண்ணிக் குச்சியை வேக வச்சு, பட்டை உரிச்சு, கம்பியில கட்டி ஆளுயரத்துக்கு மேல யானை செய்யறாங்க. 2021ல லண்டன் பூங்காவுல கொண்டுபோய் நிறுத்தினாங்க. நீங்க விரலை அளந்துக்கிட்டு உட்காந்திருங்க.

மலைமகன்:
யானை செஞ்சு காசு வந்தா, செடி ஒழியணும்னு யாரு நினைப்பாங்க?

கூடலூரான்:
கூலிக்குக் காட்டுக்குள்ள போய் வெட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க. நாங்க யானை செஞ்சு முடிச்சுட்டோம். உங்க பொக்லைன் இன்னும் பதிவுலயே நிக்குது.

சின்னான்_குருவி:
அந்தக் குச்சியை எங்க வெட்டுறாங்க, தரைக்கு மேலயா கீழயா?

கட்டபெட்டு பெரியவர்:
நல்ல கேள்வி. மேல வெட்டினா திரும்பத்தான் வரும். கீழ, மூணு விரக்கடை. 2022ல தமிழக அரசு அயல் செடிகளை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டுவந்தாச்சு. இங்க இன்னும் பொக்லைன் பொக்லைன்னுட்டு இருக்காங்க.

மலைமகன்:
கொள்கையில மூணு விரக்கடைன்னு எழுதியிருக்கா? எந்தப் பக்கம்?

கட்டபெட்டு பெரியவர்:
திமிர் பேச்சு வேண்டாம்.

மலைமகன்:
சரி, ஞாயித்துக்கிழமை உண்ணிச்செடி எடுக்கிற வேலை நடக்குது. கொத்தும் கத்தியும் நாங்க தர்றோம். வந்து ஒரு புதர் வெட்டிக் காட்டுங்க. பக்கத்துப் புதரை நான் பிடுங்கறேன். அடுத்த மழைக்குப் பார்ப்போம்.

கட்டபெட்டு பெரியவர்:
முறையாக் கூப்பிட்டா வர்றேன். போன தடவை ரோட்டோரம் சுத்தம் பண்ணினப்போ வேலை முழுக்க வாங்கிட்டு, போட்டோவுல என்னைப் பாதி வெட்டிட்டீங்க.

மலைமகன்:
அந்த போட்டோ எடுத்தது நான் இல்ல ஐயா. உங்க மாப்பிள்ளை.