இழுத்ததால் வந்த நிறமா, வெளிச்சத்தால் வந்த நிறமா?

இழுத்தால் நிறம் மாறும் ஸ்பைரோபைரான் என்ற மூலக்கூறைக் கோர்த்த ரப்பர் பட்டையை முதன்முதலில் இழுத்த அன்று நான் வாயைப் பிளந்து நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெளிர்மஞ்சளாக இருந்த பட்டை, இரண்டு கிளிப்புக்கு நடுவே நீள நீள, இறுகிய இடத்தில் மட்டும் ஊதா ஏறியது. பாலிமர் சங்கிலியின் நடுவில் இந்த மூலக்கூறு இருக்கும், சங்கிலி விறைத்தால் அதற்குள் ஒரு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து, மெரோசயனின் என்ற நிறமுள்ள வடிவமாகத் திறந்துகொள்ளும். திடப் பாலிமரில் இதை 2009-லேயே காட்டிவிட்டார்கள்.

சரி, கூத்து அதற்கப்புறம்தான். ஒரு வெள்ளிக்கிழமை பட்டைகளை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். திங்கள் காலை வந்தால் யாரும் தொடாத பட்டை முழுக்க ஊதா! அச்சில் வார்த்தபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் என்று நானே ஒரு கதை கட்டி, இரண்டு வாரம் அதன் பின்னால் ஓடினேன். வெயிலில் உள்ள புற ஊதா ஒளி பட்டாலும் அந்த மூலக்கூறு திறக்கும் என்று படித்தது அப்போது தலையில் ஏறவே இல்லை. கைடு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒரு முனை மட்டும் சங்கிலியில் கட்டிய மாதிரியைச் செய்து பார்த்தாயா?" ஒரு முனை சும்மா தொங்கினால் இழுவிசை அதற்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். செய்து ஜன்னலோரம் வைத்தேன், அதுவும் ஊதா. பச்சை விளக்கடியில் வைத்ததும் இரண்டும் பழையபடி வெளுத்தன.

மறுமொழி: எனக்கு வேறு மாதிரி அடி. நான் எடுத்தது டையாக்சிடேன், அறும்போது தானே நீலமாக ஒளிவிடும் வகை. அறுந்த பிணைப்பு ஒவ்வொன்றும் ஒளிவிடும் என்றும் சொல்ல முடியாது, அதனால் இருட்டறை, கேமரா எல்லாம் வேண்டும். படத்தின் ஓரத்தில் ஓயாமல் ஒரு மங்கல், பார்த்தால் இழுக்கும் இயந்திரத்தின் குட்டி சிவப்பு விளக்கு! கறுப்பு டேப் ஒட்டியதும் தீர்ந்தது.

மறுமொழி: மென்மையான ஜெல்லில் அந்த அளவு விசையே சங்கிலிக்குப் போய்ச் சேராது, பிணைப்பு அறுவதெல்லாம் நடக்காது. அதனால் ஃப்ரெட் (FRET) ஜோடி போட்டேன், அதாவது ஒரு சாயம் தான் வாங்கிய ஒளி ஆற்றலைப் பக்கத்துச் சாயத்துக்குக் கைமாற்றும் ஜோடி. இரண்டு சாயங்களுக்கு நடுவே உள்ள தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப ஆற்றல் கைமாறும் வேகம் சரியும், சில நானோமீட்டர் விலகல் கூடத் தெரிந்துவிடும். இழுத்துப் பிடித்த ஜெல்லில் ஃப்ரெட் குறைந்துகொண்டே போனது, விசை ஏறுகிறது என்று துள்ளினேன். அப்புறம் ஒரு சந்தேகத்தில் இழுக்காத ஜெல்லையும் அதே லேசருக்கு அடியில் விட்டேன். அச்சு அசலாக அதே வளைவு. ஜோடியில் ஆற்றலை வாங்கும் சாயம் லேசர் பட்டு வெளுத்துப்போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். லேசரைக் குறைத்து, படங்களுக்கு நடுவே ஷட்டரை மூடி வைத்த பிறகு இழுக்காத ஜெல்லின் கோடு சமமாகப் படுத்தது, இழுத்ததில் ஒரு சின்ன இறக்கம் மட்டும் மிஞ்சியது.