தண்ணீர் ஏறினாலும் படகு மிதக்க: கேன் கட்டியவர்களின் அனுபவங்கள்

முத்துப்பேட்டையிலிருந்து:

கோரையாற்றில் தூண்டில் போட ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் எங்கும் ஃபைபர்தான். இலேசு, தார் பூசும் வேலை இல்லை. ஆனால் கட்டுமரத்தில் மரமே மிதவை. ஃபைபர் தண்ணீரைவிடக் கனம். உள்ளே தண்ணீர் நிறைந்தால் இன்ஜினோடு அடிக்குப் போய்விடும்.

ஐப்பசி மழையில் எங்கள் தெரு காக்கா (பெரியவர்) ஒருவரின் படகு லகூனில் (காயலில்) அப்படித்தான் போனது. ஆழம் இடுப்பளவுதான் என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். இடுப்பளவு தண்ணீருக்குக் கீழே சேறு, ஊன்றிய காலை விடாது. அவர் மீன் போடும் தெர்மோகோல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார், பக்கத்துப் படகு வந்து தூக்கியது. அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் என் படகிலும் மிதவை வைக்கத் தோன்றியது.

கணக்கு சுலபம். அடைபட்ட காற்று ஒரு லிட்டர் முழுதாக முங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். என் படகு 80 கிலோ. ஃபைபர் முங்கிய பிறகு அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கினால் போதும், 27 கிலோ. இன்ஜின் 30 கிலோ, முங்கினால் கொஞ்சம் குறையும், அதற்கு 25. பாதி உடம்பு தண்ணீரில் இருக்கும் ஆளுக்கு 25 கிலோ வீதம் இரண்டு பேருக்கு 50. மொத்தம் நூற்றுச் சொச்சம். 5 லிட்டர் எண்ணெய் கேன் 22 வாங்கினேன். சதுர வாட்டமாக இருப்பதால் பலகைக்கு அடியில் நெருக்கி அடுக்கலாம், உருண்டை பாட்டிலில் நிறைய இடம் வீண்.

ஒவ்வொரு கேனையும் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். குமிழி வந்ததை ஒதுக்கினேன். மூடியை எம்-சீல் பசையால் அடைத்தேன். பழைய வலையைப் பைபோலத் தைத்து உள்ளே போட்டு நைலான் கயிற்றால் இறுக்கினேன். கயிறு தளர்ந்தால் கேன் தனியாக மிதந்து போகும், படகு தனியாக முங்கும்.

பழையாற்றிலிருந்து:

அண்ணே, கணக்கு சரி. எங்கே கட்டினீர்கள் என்று சொல்லவில்லையே? அதுதான் விஷயம்.

கொள்ளிட முகத்துவாரத்தில் ஒருவர் இரண்டு டிரம்மை படகின் அடித்தளத்தில், நடுவில் கட்டி மேலே பலகை அடித்திருந்தார். பார்க்க அம்சமாக இருந்தது. அலை ஏறித் தண்ணீர் நிறைந்ததும் படகு முங்கவில்லை, உண்மைதான். ஆனால் குப்புறக் கவிழ்ந்துவிட்டது. அடியில் இருக்கும் காற்று மேலே வரத்தானே பார்க்கும்! நடுவில் இருந்தால் சாய்வதைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. வழவழப்பான அடிப்பக்கத்தில் பிடிக்க ஒரு கயிறுகூட இல்லாமல் இரண்டு பேர் தொங்கினார்கள்.

மிதவை இரண்டு பக்க விளிம்புக்குக் கீழே, முடிந்த அளவு மேலேயும் ஓரமாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் கேன்கள் இன்னும் ஆழமாக முங்கி, தள்ளி நிமிர்த்தும். அமரத்தில் இன்ஜின் தொங்குகிறது என்பதால் பின்பக்கம் கூடுதலாக. ஆனால் அணியத்தை (முன்பக்கத்தை) வெறுமையாக விடாதீர்கள், மூக்கு கீழே குத்திவிடும்.

வேதாரண்யத்திலிருந்து:

தெர்மோகோல் அட்டையை வெட்டிச் செருகினால் ஆகாதா? கஜா புயலில் போனது போக எங்கள் பக்கம் அட்டை மலிவாகக் கிடைத்தது.

பழையாற்றிலிருந்து:

ஆகும் தம்பி, ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். அதன் மேல் ஃபைபர் ரெசினை நேரடியாகப் பூசினாலும் அதே கதி, குழி குழியாகத் தின்றுவிடும். நாளாக ஆக தண்ணீரும் குடிக்கும். நாலு வருஷம் கழித்து ஒரு படகின் அறையைப் பிரித்தபோது அட்டை தூக்க முடியாத கனம், உள்ளே எலிக்கூடு வேறு. கேனாக இருந்தால் அவிழ்த்து, பார்த்து, மாற்றலாம். மூடிய அறைக்குள் நுரை (ஃபோம்) ஊற்றுவது எனக்குப் பிடிக்காததும் இதனால்தான்.

முத்துப்பேட்டையிலிருந்து:

விளிம்புக்குக் கீழேதான் கட்டியிருக்கிறேன். இருக்கைக்கு அடியில் ஆறு கேன், மீதி ஓரங்களில், அமரத்துக்குப் பக்கம் நெருக்கமாக. கரையோரம், நெஞ்சளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சோதித்தோம். இன்ஜினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இரும்புத் துண்டுகளைக் கட்டினோம். அடைப்பானைப் பிடுங்கி வாளியாலும் மொண்டு ஊற்றினோம். விளிம்பு நாலு விரல் தண்ணீருக்கு மேல் நின்றது. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்தால் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்தது, ஆனால் கவிழவில்லை. ஒரே பக்கத்தில் இருவரும் சாய்ந்தபோது ஆட்டம் கண்டது. அதனால் நிறைந்த படகில் அசையாமல் நடுவில் இருக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்தேன். வெளிப்பக்கம் சுற்றிலும் பிடி கயிறும் போட்டாயிற்று.

வெயில் கேனைக் கெடுக்கும். பிளாஸ்டிக் வெளுத்து, அழுத்தினால் நொறுங்க ஆரம்பிக்கும். பழைய சாக்கு போட்டு மறைத்திருக்கிறேன். பிரதான மழைக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் அவிழ்த்து அமுக்கிப் பார்ப்பதாக இருக்கிறேன். கேன் வேண்டுபவர்கள் பரோட்டாக் கடையில் கேளுங்கள், பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன்பே கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போகச் சுடுநீரும் சோடா உப்பும் போதும்; பிசுக்கு இருந்தால் எம்-சீல் ஒட்டாது.