எரா5 தரவில் பனி நீர் இருப்பு: மார்ச்சில் ரொம்பக் குறைவு, ஆகஸ்ட்டில் ரொம்ப அதிகம். எங்கே இடிக்குது?

கட்டக்கணக்கு

வணக்கம். வடக்கு 34 பாகையை ஒட்டிய ஒரு மலை வடிநிலத்தில் பனியாக எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று மதிப்பிடணும். எரா5 (ERA5, அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் இணைத்து உருவாக்கிய உலகத் தரவு) மாதத் தரவை 0.25 பாகைக் கட்டங்களாக இறக்கி, ‘ஸ்னோ டெப்த்’தை (பனி ஆழம்) ‘ஸ்னோ டென்சிட்டி’யால் (பனி அடர்த்தி) பெருக்கி, 1000-ஆல் வகுத்து, கட்டப் பரப்பால் பெருக்கிக் கூட்டினேன். எல்லாக் கட்டத்துக்கும் பரப்பு 775 ச.கி.மீ. என்று வைத்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு கட்டத்தில் ஆழம் 0.24 மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 320 கிலோ. அப்படியென்றால் நீர் 77 மி.மீ. தான். அந்த உயரத்தில், அந்த மாதத்தில் வெறும் 24 செ.மீ. பனியா? ஆனால் மொத்தக் கூட்டுத்தொகையோ ஆகஸ்ட்டில்கூட இறங்கவே மாட்டேங்குது. ஒரே சூத்திரம், ரெண்டு பக்கமும் உதைக்குது. யாராவது பாருங்களேன்.

வெண்பனி

சகோ, பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. எரா5-இல் ‘ஸ்னோ டெப்த்’ என்பது பனியின் உயரம் இல்லை. அந்தப் பனி முழுக்க உருகிக் கட்டம் பூராவும் சமமாகப் பரவினால் நிற்கும் தண்ணீரின் ஆழம். அலகு விளக்கத்தில் ‘நீர்ச் சமான மீட்டர்’ என்றே இருக்கும். நீங்க அடர்த்தியை மறுபடி பெருக்கியதால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிடுச்சு. 0.24 என்றால் 240 மி.மீ. நீர், அவ்வளவுதான். பனி உயரம் வேணும்னா 0.24-ஐ 0.32-ஆல் வகுங்க, 75 செ.மீ. வரும். இது நம்புகிற மாதிரி இருக்கா?

எரா5-லேண்ட் (நிலப்பரப்புக்கு மட்டுமான நுணுக்கமான தரவு) பக்கம் போனால் இன்னொரு குழப்பம் காத்திருக்கு. அங்கே உயரமும் நீர்ச் சமானமும் தனித்தனி மாறிகள். ‘ஸ்னோ டெப்த்’ அங்கே நிஜமாகவே உயரம்.

மலைச்சரிவு

ஆகஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். வடிநிலத்தில் பனியாறு இருக்கா? எரா5 பனியாற்றுக் கட்டங்களுக்கு 10 மீட்டர் நீர்ச் சமானம் என்று நிலையான மதிப்பை வைத்திருக்கு. அது அளந்ததும் இல்லை, பருவத்துக்கு மாறுவதும் இல்லை. உங்க 0.25 பாகைத் தரவு மூலக் கட்டத்திலிருந்து இடைக்கணிப்பு செய்யப்பட்டது என்பதால், பனியாற்றின் ஓரத்தில் 3, 6 என்றும் கசிந்திருக்கும்.

ஒரே ஒரு கட்டம் என்ன செய்யும் பாருங்க. முதலில் பரப்பு. 775 ச.கி.மீ. பூமத்திய ரேகையில்தான் சரி. 34 பாகையில் அதைக் கொசைன் 34-ஆல், அதாவது 0.829-ஆல் பெருக்கணும், சுமார் 640 வரும். உங்க சாதாரணக் கட்டத்தில் 0.24 மீ. × 640 ச.கி.மீ. = ஏறக்குறைய 15.4 கோடி கன மீட்டர். பனியாற்றுக் கட்டத்தில் 10 மீ. × 640 = 640 கோடி. நாற்பது கட்டத்துக்கு மேல் சேர்த்தால்தான் அந்த ஒன்றுக்கு ஈடாகும்! அப்புறம் கூட்டுத்தொகை எங்கே இறங்கும்?

செப்டம்பர் மாதச் சராசரியில் அரை மீட்டருக்கு மேல் நிற்கும் கட்டங்களை முகமூடி போட்டு நீக்கிட்டு ஓட்டிப் பாருங்க. அரை மீட்டர் என்பது என் கைப்பழக்கம், வேதவாக்கு இல்லை.

கட்டக்கணக்கு

ஓட்டிப் பார்த்தேன். சில கட்டங்களில் பன்னிரண்டு மாதமும் அச்சு அசலாக 10.0. அதையும் ஓரத்தையும் நீக்கியதும் வளைவு ஒழுங்கா மார்ச்–ஏப்ரலில் ஏறி, ஜூலைக்குள் தரைக்கு வந்துடுச்சு. ரெண்டு பேருக்கும் நன்றி.

இப்போ வேறு சந்தேகம். அம்ஸர்2 (AMSR2) என்ற செயற்கைக்கோள் கருவியின் நுண்ணலைத் தரவோடு ஒப்பிட்டால் அது பல இடங்களில் இதில் பாதிதான் காட்டுது. எதை நம்புறது?

வெண்பனி

அந்த இடத்தில் அம்ஸரை நம்பாதீங்க. தரையிலிருந்து வரும் நுண்ணலையைப் பனித்துகள்கள் சிதறடிக்கும், 18.7 கிகாஹெர்ட்ஸைவிட 36.5-ஐ அதிகமாகச் சிதறடிக்கும். அந்த வித்தியாசத்திலிருந்துதான் கணக்கு. சுமார் 150 மி.மீ. தாண்டினால் சமிக்ஞை நிரம்பிடும், அதற்கு மேல் பனி ஏறினாலும் எண் ஏறாது. பனி ஈரமாகிட்டா இன்னும் மோசம். சமவெளியில், குளிர்ந்து காய்ந்த பனியில்தான் அது தேவலாம்.

மோடிஸ் (MODIS) செயற்கைக்கோள் படக்கருவியும் அளவு தராது, 500 மீ. நுணுக்கத்தில் எங்கே பனி இருக்கு, எங்கே இல்லை என்று மட்டும் சொல்லும். உங்க உருகல் தேதியைச் சரிபார்க்க அது போதும்.

குழாய்த்தராசு

களத்தில் அளக்கிறவன் சொல்றேன்: எரா5 மலையை முப்பது கிலோமீட்டர் கட்டத்துக்குள் தட்டையாக்கி வைத்திருக்கு, அதனால் தரை அளவு கொஞ்சமாவது தேடுங்க. பனி மாதிரி எடுக்கும் குழாயைப் பனிக்குள் செங்குத்தா இறக்கி, அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் எடை போடணும். குழாய் வாய் 30 ச.செ.மீ., பனி 750 கிராம் என்றால் 25 செ.மீ. நீர். துளை 78 செ.மீ. ஆழம் இருந்தால் அடர்த்தி 320, உங்க கட்டத்தில் இருப்பதேதான்.

ஒரே சரிவில் ஆழம் பத்தடிக்கு ஒரு மாதிரி மாறும், அடர்த்தி அவ்வளவு மாறாது. அதனால் எடை சில இடத்தில் போதும், குச்சியால் ஆழம் மட்டும் நிறைய இடத்தில் குத்திப் பாருங்க. காற்று வாரிக் கொட்டிய பள்ளத்திலும், வழித்துவிட்ட முகட்டிலும் சேர்த்துக் குத்தணும். வசதியா நடக்கிற பாதையில் மட்டும் குத்தினால் சராசரி கெட்டுடும்.

கட்டக்கணக்கு

களத்துக்குப் போக வழியில்லை, ஆனால் வடிநிலத்துக்குள் ரெண்டு நிலையங்களின் ஆழப் பதிவு கிடைக்கும். நீர்ச் சமானத்தை அடர்த்தியால் வகுத்து உயரமாக்கி அதோடு ஒப்பிடலாமா?

மலைச்சரிவு

ஒப்பிடலாம். ஆனால் நிலையம் நிற்கிற உயரத்தையும் எரா5 அந்தக் கட்டத்துக்கு வைத்திருக்கும் சராசரி உயரத்தையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க. நிலையங்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில்தான் இருக்கும். உயரத்திலேயே ஆயிரம் மீட்டர் வித்தியாசம் என்றால் பனி ஒத்துப்போகாததுக்கு எரா5-ஐத் திட்டாதீங்க. இன்னொன்று, அந்த நிலையத்தின் ஆழத்தை எரா5 ஏற்கெனவே உள்வாங்கியிருந்தால் அது தனிச் சாட்சி ஆகாது, அதையும் பார்த்துக்கோங்க.