கோல்ஃப் தெரியாதவர் பைரன் நெல்சன் போட்டிக்குத் தன்னார்வலராகப் போகலாமா?

ஃபிரிஸ்கோ அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகனுக்குப் பதினாறு வயது, பள்ளி கோல்ஃப் அணியில் ஆடுகிறான். மெக்கின்னியில் நடக்கும் பைரன் நெல்சன் தொழில்முறை கோல்ஃப் போட்டியில் தன்னார்வலராக நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. நானும் சேர்ந்து பெயர் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன்.

எனக்கு கோல்ஃப் சுத்தமாகத் தெரியாது. பார், போகி எல்லாம் அவன் சொல்லித் தந்துதான் தெரியும். என்னை வைத்து அங்கே என்ன வேலை வாங்குவார்கள்? இன்னொன்று, சட்டை தொப்பிக்கு நாமே பணம் கட்ட வேண்டுமாம். "நாள் முழுக்க வெயிலில் நிற்கக் காசும் கொடுத்துவிட்டு வர வேண்டுமா?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போய் வந்தவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்.

பிளானோக்காரன்:

தாராளமாகப் போகலாம் அக்கா. நான் 2023ல் நுழைவாயிலில் டிக்கெட் ஸ்கேன் செய்தேன். அதற்கு கோல்ஃப் தெரியவே வேண்டாம், சிரித்த முகம் போதும். வண்டி நிறுத்துமிடம், தன்னார்வலர் கூடாரத்தில் தண்ணீர், சாப்பாடு கொடுப்பது என்று இப்படி நிறைய வேலை உண்டு.

அந்த வருடக் கடைசி நாள் அன்னையர் தினத்தில் வந்தது. வீரர்களின் பையைச் சுமக்கும் கேடிகள் போட்டிருந்த மேலங்கியில் வீரர்களின் பெயருக்குப் பதிலாக அவர்களுடைய அம்மாக்களின் பெயர். அன்று ஜெயித்தது ஜேசன் டே. ஐந்து வருடம் கழித்து வந்த வெற்றி, அவருடைய அம்மா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். வேலை முடிந்து 18வது ஹோல் (கடைசிக் குழி) பக்கம் போய் நின்றேன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் கண் கலங்கியிருந்தார்கள்.

கரிசல்காட்டான்:

அம்மா, நான் 2022லிருந்து மார்ஷலாக நிற்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், உங்களுக்கு உதவும்.

மார்ஷலின் வேலை ஆட்டத்தைப் பார்ப்பது அல்ல, கூட்டத்தைப் பார்ப்பது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 2025ல் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் 156 பேர் ஆடினார்கள். மூன்று மூன்று பேராக 52 குழு. நீங்கள் நிற்கும் ஹோலை அத்தனை குழுவும் கடந்து போகும். ஒவ்வொரு தடவையும் அடிக்கும் முன் கையைத் தூக்கி அமைதி கேட்க வேண்டும். அடித்து முடித்து அவர்கள் நகர்ந்ததும், குறுக்கே கடக்கக் காத்திருக்கும் ஜனங்களைக் கயிற்றைத் திறந்து அந்தப் பக்கம் விட வேண்டும். அடுத்த குழு டீக்கு (முதல் அடி அடிக்கும் இடம்) வருவதற்குள் மூட வேண்டும். கைக்குழந்தை வண்டியோடு வருபவர்களுக்கும், பிரம்பு ஊன்றி வரும் தாத்தாக்களுக்கும் கொஞ்சம் முன்னாலேயே திறந்துவிடுவேன்.

எனக்கு மனதுக்குப் பிடித்த வேலை, ரஃபில் (ஓரத்து உயரமான புல்) நின்று பந்தைப் பார்ப்பது. டீ பக்கத்து மார்ஷல் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கையை நீட்டிக் காட்டுவார். அது விழும் இடத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்து, போய்ப் பக்கத்தில் சின்னக் கொடி ஒன்றை நட வேண்டும். பந்தைத் தேட இப்போது மூன்றே நிமிடம்தான், 2019க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் தண்டனை, அதாவது கணக்கில் ஓர் அடி கூடும் (குறைந்த அடியில் முடிப்பவர்தான் ஜெயிப்பார்), போதாததற்கு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். அந்த ஒரு ஸ்ட்ரோக்கில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவன் கட் ஆகி (முதல் இரண்டு நாள் கணக்கில் பின்தங்கி வெளியேறி), சம்பளமில்லாமல் ஊருக்குக் கிளம்பலாம். நம் கண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

என் முதல் வருடத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். பந்து ஒன்று கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் உருண்டது. விழுந்த இடத்தைப் பார்த்தேன், சரி என்று தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிவிட்டேன். ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள அதை எடுத்துவிட்டான். வீரர் வந்து, "எங்கே கிடந்தது?" என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெளியாள் பந்தை நகர்த்தினால் வீரருக்குத் தண்டனை கிடையாது, இருந்த இடத்தில் திரும்ப வைத்து ஆடலாம். ஆனால் அந்த இடம் யாருக்கும் தெரியாவிட்டால் உத்தேசமாகத்தான் வைக்க வேண்டும். நடுவர் வந்து அப்படித்தான் வைத்தார்கள். வீரர் என்னைத் திட்டவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து பந்து விழுந்தால் நேராகப் போய் இரண்டடி தள்ளி, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொள்வேன். வீரரோ கேடியோ வரும்வரை அங்கிருந்து அசையமாட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எந்தக் காரணத்துக்கும் பந்தைத் தொடாதீர்கள்.

மே மாதத்தில் வட டெக்சஸ் வானம் நம்ப முடியாதது. 2025ல் வெள்ளிக்கிழமை மழை, இடியால் ஆட்டம் பல மணி நேரம் நின்றது. சைரன் ஒரே நீளமாக ஊதினால் ஆட்டம் உடனே நிற்க வேண்டும், இடி மின்னல் நேரத்தில் அப்படித்தான் ஊதுவார்கள். நீங்களும் காத்திருக்காமல் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும். குட்டையாக இரண்டு தடவை ஊதினால் மறுபடி ஆட்டம் ஆரம்பம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். கேள்வி நியாயமானது. கட்டும் பணத்துக்குச் சட்டை, தொப்பி, நுழைவு பேட்ஜ் தருகிறார்கள். தொகை வருடத்துக்கு வருடம் மாறும், விண்ணப்பத்தில் பாருங்கள். என்னைக் கேட்டால் மாணவர்களிடம் அதை வாங்கக் கூடாது. ஆனாலும் நான் வருடா வருடம் கட்டுகிறேன், காரணம் உண்டு. போட்டியை நடத்துவது டாலஸ் சேல்ஸ்மேன்ஷிப் கிளப். 1968லிருந்து அந்தக் காலத்து கோல்ஃப் வீரர் பைரன் நெல்சன் பெயரில் நடத்துகிறார்கள். வரும் பணம் மொமெண்டஸ் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறது. குழந்தைகளின் மனநலத்துக்காக உழைக்கும் அமைப்பு அது, ஓக் கிளிஃபில் பள்ளியும் நடத்துகிறது. என் நான்கு நாள் உழைப்பு ஏதோ ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது என்று நம்புகிறேன்.

உங்கள் பையனுக்கு ஸ்டாண்டர்ட் பேரர் வேலைதான் பொருத்தம். ஸ்கோர் பலகையைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு உள்ளே வீரர்களோடு 18 ஹோலும் நடக்கலாம். வயது வரம்பு என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலரை, ஐந்து மணி நேரம் நடை. காற்றடித்தால் பலகை கையை இழுக்கும், இப்போதே கொஞ்சம் பழகச் சொல்லுங்கள். வீரர்கள் தாமாகப் பேசினால் பேசட்டும், ஆட்டோகிராஃப் கேட்கக் கூடாது. அவனிடம் இதையும் சொல்லுங்கள்: ஸ்காட்டி ஷெஃப்லர் 2014ல் இதே போட்டியில்தான் முதல் பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடர்) ஆட்டம் ஆடினார். அப்போது பள்ளி மாணவர், பதினேழு வயது, ஒரே அடியில் பந்தைக் குழியில் போடும் ஹோல்-இன்-ஒன் கூட ஒன்று அடித்தார். 2025ல் அதே போட்டியை 253 ஸ்ட்ரோக்கில், எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். 72 ஹோல் கணக்கில் பிஜிஏ டூரில் அதைவிடக் குறைவாக அதுவரை யாரும் அடித்ததில்லை, ஏற்கெனவே இருந்த சாதனையைச் சமன் செய்தார்.

ஃபிரிஸ்கோ அம்மா:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பள்ளி விஷயம் கேட்டதும், "சரி, நானும் ஒரு நாள் வருகிறேன்" என்றார். பையன் இப்போதே கொல்லைப்புறத்தில் ஒரு அட்டையைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு நடக்கிறான். எந்த நாளில் ஆரம்பித்தால் எனக்குச் சுலபம்? செருப்பு, ஷூ எது போட வேண்டும்?

கரிசல்காட்டான்:

புதன்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ப்ரோ-ஆம், தொழில்முறை வீரர்களோடு சாதாரண ஆட்கள் சேர்ந்து ஆடுவார்கள். கூட்டம் குறைவு, யாருக்கும் பதற்றமில்லை. கயிறு திறந்து மூடுவதெல்லாம் கைக்குப் பழகிவிடும். வியாழன் காலையில் நீங்களே அடுத்தவருக்குச் சொல்லித் தருவீர்கள்.

செருப்பு வேண்டவே வேண்டாம். நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவன். இந்த ஊர் மண்ணும் நம்ம கரிசல் மண்ணேதான், மழை பெய்தால் அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு படி கனக்கும். தண்ணீர் புகாத பழைய ஷூ ஒன்று, மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடி சாக்ஸ். காரில் ஒரு கோணிப்பை விரித்து வையுங்கள், திரும்பி வரும்போது தேவைப்படும்.