ஆம்புலன்சில் சிகிச்சையா, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா?

கேள்விக்குறி: ஆம்புலன்சில் வரும் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள், நோயாளியை உடனே தூக்கிக்கொண்டு ஓடாமல், அவர் விழுந்த இடத்திலேயே ஊசி, குழாய் என்று உட்கார்ந்துவிடுவதால் என்ன லாபம்? கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு 2004-இல் வந்தது. நின்ற இதயத்துக்குச் சீக்கிரம் மின் ஷாக் கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்த ஊர்களில் உயர்நிலைப் பயிற்சி பெற்றவர்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இதயம் நின்றுபோனவர்களில் பிழைத்து வீடு திரும்பியவர்கள் கூடவில்லை.

நைட்டூட்டி: அதே குழு 2007-இல் வெளியிட்டதையும் படியுங்கள் சார். மூச்சுத்திணறல் நோயாளிகளில் இறப்பு 14.3 சதவீதத்திலிருந்து 12.4 ஆக இறங்கியது. அப்புறம் வலிப்பு. நிற்காமல் வெட்டி இழுக்கிறவர் கையில் ஊசி ஏற்ற ரத்தக்குழாயைத் தேடிக்கொண்டிருக்காமல் தொடைத் தசையில் மிடாசோலம் என்ற வலிப்பை அடக்கும் மருந்தைப் போட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் 73 சதவீதம் பேருக்கு வலிப்பை நிறுத்தியிருக்கிறார்கள், 2012 அமெரிக்க ஆய்வு. சர்க்கரை இறங்கி மயங்கியவருக்கும் வண்டி போய்ச் சேரும் வரை காத்திருக்கச் சொல்வீர்களா?

ஓரமாய்_ஒருவன்: விபத்துக் கேஸை யாரும் பேசவில்லையே. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டினால் சர்ஜன்தான் வேண்டும். அங்கே நின்று சலைன் ஏற்றுவது வீண்.

நைட்டூட்டி: வெளியே தெரியும் ரத்தத்தைக் கட்டி நிறுத்து, மூச்சுப்பாதையைப் பார், கிளம்பு. எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கேள்விக்குறி: சரி, நின்ற இதயத்தை மறுபடி துடிக்கவைக்கக் கொடுக்கும் அட்ரினலினுக்கு வாருங்கள். 2018-இல் பிரிட்டனில் இதயம் நின்றுபோன சுமார் 8,000 பேரிடம் வெறும் உப்புநீரோடு ஒப்பிட்டார்கள். 30 நாள் பிழைத்தவர்கள் அட்ரினலினில் 3.2 சதவீதம், உப்புநீரில் 2.4. ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் 31 சதவீதம், உப்புநீர் பக்கம் 17.8. இதற்குப் பெயர் வெற்றியா?

நைட்டூட்டி: அது மருந்தின் கணக்கு, அதைக் கொடுத்தவரின் கணக்கு இல்லை. இதயம் நின்றவரை நீங்கள் சொல்வதுபோல் உடனே தூக்கி ஓடினால் என்ன ஆகும்? படிக்கட்டில் இறக்கும்போது நெஞ்சு அழுத்தம் நின்றுபோகும், ஓடும் வண்டியில் ஒழுங்காக அழுத்தவும் முடியாது. இதயம் மறுபடி துடிக்கும் வாய்ப்பு அதிகம் இருப்பது தரையில் கிடக்கும் அந்த முதல் சில நிமிடங்களில்தான். இதயம் துடித்துக்கொண்டே அதன் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் மாரடைப்பில் கதை வேறு, அங்கே போகும் வழியிலேயே இசிஜி எடுத்து அனுப்பினால் அடைப்பை நீக்கும் டீம் தயாராக நிற்கும்.

கேள்விக்குறி: இசிஜி சரி. தொண்டையில் குழாய் செருகுவது? அதே 2018-இல் இன்னொரு பிரிட்டன் ஆய்வு, எளிய மூச்சுக் கருவியைவிட அது மேல் என்று காட்டவில்லை.

ஓரமாய்_ஒருவன்: அப்படியென்றால் எளியதை வைத்துவிட்டு அழுத்தட்டும். பாராமெடிக்கே வேண்டாம் என்பதற்கு இது எப்படி ஆதாரம்?