டாட் ஆர்க் விற்பனையை நிறுத்தியது கையெழுத்தா, சட்டமா?

தெற்குவாசல்:
டொமைன் விதிகளில் மாற்றம் வருகிறது என்றதும் ஆன்லைன் மனு தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அது வீண்வேலை என்பது என் வாதம். தொண்டு அமைப்புகள் பல பயன்படுத்தும் .org என்ற இணைய முகவரி முடிவு இருக்கிறதே, அந்த டாட் ஆர்க் விஷயத்தில் 2019-ல் தொடங்கிய இரண்டு போராட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது விலை வரம்பு. டாட் ஆர்க் பதிவேட்டை, அதாவது அந்தப் பெயர்களின் மையப் பட்டியலை, நடத்துவது பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி, சுருக்கமாக பிஐஆர். அது ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் மொத்த விலையை (பெயர் விற்கும் நிறுவனங்களிடம் வாங்கும் கட்டணத்தை) ஏற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த வரம்பை எடுத்துவிட்டுப் புதிய வரைவை வெளியிட்டு, உலக டொமைன் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான் கருத்துக் கேட்டது. 3,200-க்கு மேல் கருத்துகள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே எதிர்ப்பு. ஆனாலும் ஜூன் 30 அன்று வரம்பில்லாத ஒப்பந்தம்தான் கையெழுத்தானது.

இரண்டாவது விற்பனை. பிஐஆரை அதன் தாய் அமைப்பான இன்டர்நெட் சொசைட்டி, எத்தோஸ் கேப்பிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக நவம்பர் 13-ல் அறிவிப்பு வந்தது. விலை 113.5 கோடி டாலர். 2020 ஏப்ரல் 30-ல் ஐகான் வாரியம் அதற்கு ஒப்புதல் தர மறுத்தது.

எதிர்ப்பு இரண்டு தடவையும் இருந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் இரண்டாவதில் மட்டும்தான் இருந்தார். ஐகான் அந்த மாநிலத்தில் பதிவான லாபநோக்கற்ற நிறுவனம். அதைக் கண்காணிக்கும் அதிகாரம் அவர் அலுவலகத்துக்கு உண்டு. ஏப்ரல் 15-ல் விற்பனையை ஏற்காதீர்கள் என்று அவர் எழுதினார். பதினைந்தே நாளில் முடிவு வந்துவிட்டது.

நூற்கண்டு:
தேதிகளைப் பாதியிலிருந்து எண்ணுகிறீர்கள். அட்டர்னி ஜெனரலின் முதல் கடிதம், ஆவணங்களைக் கேட்டு வந்தது, 2020 ஜனவரி 23. அதற்குள் இரண்டு மாதம் வேலை நடந்து முடிந்திருந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே டிஜிட்டல் உரிமை அமைப்பான இ.எஃப்.எஃப்., லாபநோக்கற்ற அமைப்புகளுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் என்டென், விக்கிமீடியா, கேர்ள் ஸ்கவுட்ஸ் போன்ற அமைப்புகள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதின. டிசம்பரில் அமெரிக்க செனட்டர்கள் கேள்வி கேட்டார்கள். ஜனவரி 24-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஐகான் அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம். யாரும் கூப்பாடு போடாத விவகாரத்தில் ஒரு அரசு வழக்கறிஞர் தானாக வந்து கோப்பைக் கேட்க மாட்டார்.

அந்த 3,200 ஏன் எடுபடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பகுதி, டொமைன் வியாபாரிகள் சங்கம் ஒன்று தயாரித்துக் கொடுத்த ஆயத்த வாசகம். பெயரைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் போய்விடும். ஐகானின் குறைதீர்ப்பாளர் அவற்றில் பலவற்றை ஸ்பாமுக்கு ஒப்பிட்டார். எழுதியவர்களை அவமதிக்கும் பேச்சு அது, எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அப்படிச் சொல்ல இடம் கொடுத்தது நம் பக்கத்து ஏற்பாடு. ஐகான் ஊழியர்கள் கருத்துகளைத் தொகுக்கும்போது வாதம் வாதமாகப் பிரித்துத்தான் அறிக்கை எழுதுகிறார்கள். ஒரே வாசகம் ஆயிரம் முறை வந்தாலும் அறிக்கையில் அது ஒரு பத்தி.

விற்பனையின்போது 800-க்கும் மேற்பட்ட அமைப்புகள் தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டன. அதை ஸ்பாம் என்று யாராலும் ஒதுக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:
இருவரும் விற்பனை கெட்டது என்றே வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அப்போது டாட் ஆர்க் மொத்த விலை ஆண்டுக்கு 9.93 டாலர். எட்டு ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று எத்தோஸ் எழுதித் தர முன்வந்தது. முழுதாக ஏற்றினாலும் எட்டாவது ஆண்டில் 21.29 டாலர்தான். புதுப்பிப்பு விலையை ஏற்றுமுன் ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்த அவகாசத்தில் பத்து ஆண்டுக்குப் பழைய விலையிலேயே புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம். இன்டர்நெட் சொசைட்டியும் ஒரே ஒரு பதிவேட்டின் வருமானத்தை நம்பி இருக்காமல் நிரந்தர நிதி ஒன்றைச் சேர்த்திருக்கும். இதையெல்லாம் எதிர்த்தவர்கள் மக்களிடம் சொன்னார்களா?

நூற்கண்டு:
சொன்னார்கள், கணக்கும் போட்டார்கள். 21.29-லிருந்து 9.93-ஐக் கழித்தால் 11.36. அப்போது சுமார் ஒரு கோடி டாட் ஆர்க் பெயர்கள் இருந்தன. ஆண்டுக்கு 11 கோடி டாலருக்கு மேல், தொண்டு அமைப்புகள் உள்ளிட்ட பெயர்தாரர்களிடமிருந்து கூடுதலாகப் போகும். இந்த விற்பனையில் பிஐஆர் தலையில் 36 கோடி டாலர் கடனும் ஏறவிருந்தது. அதன் வட்டியும் அசலும் இதே கட்டணத்திலிருந்துதான் வரவேண்டும். வாரியம் மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் அந்தக் கடனும் ஒன்று.

பிடிக்காவிட்டால் வேறு பெயருக்கு மாறலாமே என்ற வாதம் இங்கே எடுபடாது. ஒரு மருத்துவ அறக்கட்டளை டொமைனை மாற்றினால் எல்லா மின்னஞ்சல் முகவரியும் மாறும். மற்ற தளங்களில் உள்ள இணைப்புகள் பழைய பெயரையே காட்டும். வங்கி, அரசுத் தளம் எல்லாவற்றிலும் கடவுச்சொல் மீட்பு அஞ்சல் பழைய முகவரிக்கே போகும். அதனால் பழைய பெயரையும் பல ஆண்டுகள் கட்டணம் கட்டி வைத்திருக்க வேண்டும். விட்டால் வேறொருவர் எடுத்து, உள்ளே வரும் அஞ்சலைப் படிப்பார்.

விலையைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பதிவேடு நினைத்தால் ஒரு பெயரை சர்வர் ஹோல்ட் என்ற முடக்க நிலையில் வைக்க முடியும். பெயரைக் கணினி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிலிருந்தே அது விழுந்துவிடும். தளமும் போகும், அஞ்சலும் நிற்கும். ஒரு அரசாங்கத்துக்குப் பிடிக்காத மனித உரிமை அமைப்பின் பெயர் விஷயத்தில், கடன்பட்ட முதலாளி எவ்வளவு நேரம் உறுதியாக நிற்பார்?

கணக்குப்பிள்ளை:
அதைக் கவனிக்கத்தானே மேற்பார்வைக் குழு அமைப்பதாக எத்தோஸ் தரப்பு சொன்னது?

தெற்குவாசல்:
அந்தக் குழு சுதந்திரமாக இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று வாரியமே கருதியது. அதில் நூற்கண்டு பக்கம்தான் நானும்.

ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: யார் ஒப்புதல் இல்லாமல் இது நடக்காது? விற்பனைக்கு அப்படி இரண்டு பூட்டுகள் இருந்தன. பதிவேட்டு ஒப்பந்தத்தின் 7.5-வது பிரிவுப்படி கட்டுப்பாடு கைமாற ஐகான் ஒப்புதல் வேண்டும். பிஐஆர் பென்சில்வேனியாவில் பதிவானது என்பதால் அங்கே நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். அதோடு ஐகானைக் கண்காணிக்கும் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலும் இருந்தார். விலை வரம்புக்கு இப்படி எதுவும் இல்லை. ஒப்பந்தப் புதுப்பிப்பு என்ற பெயரில் ஊழியர்கள் மட்டத்திலேயே முடிந்தது. பிறகு ஐகானிடமே போடும் மறுபரிசீலனை மனுவும், வெளி நடுவர்கள் நடத்தும் சுதந்திர மறுஆய்வும்தான் மிச்சம். டொமைன் விற்கும் நேம்சீப் நிறுவனம் அந்த வழியில் போனது. 2022 டிசம்பரில் ஐகான் தன் வெளிப்படைத்தன்மை விதிகளை மீறியது என்று தீர்ப்பாயம் சொன்னது. வரம்பு திரும்ப வரவில்லை.

மின்வலை:
சண்டையை விடுங்கள். அடுத்த முறை வந்தால் முதல் வாரம் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்.

நூற்கண்டு:
வரைவையும் பழைய ஒப்பந்தத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறிய பிரிவுகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கருத்துக்கான கடைசித் தேதியைப் பக்கத்தின் தலையில் போடுங்கள். மக்களுக்கு ஆயத்த வாசகம் தராதீர்கள், நான்கு கேள்விகள் தாருங்கள்: உங்கள் அமைப்பு எது, இந்தப் பெயரை எந்த ஆண்டிலிருந்து வைத்திருக்கிறீர்கள், எந்தப் பிரிவு உங்களைப் பாதிக்கும், அதற்குப் பதில் என்ன வேண்டும். பதிலை அவர்கள் சொற்களிலேயே எழுதட்டும். தனிநபர் கையெழுத்தையும் அமைப்புக் கையெழுத்தையும் வேறு வேறு பட்டியலாக வையுங்கள். அமைப்பு என்றால் கையெழுத்திட அதிகாரமுள்ளவர் யார் என்று அஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பட்டியலில் ஒரு போலிப் பெயர் சிக்கினாலே முழுப் பட்டியலையும் ஒதுக்கிவிடுவார்கள்.

தெற்குவாசல்:
இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபரிசீலனை மனுவுக்கு 30 நாள்தான் கெடு. முடிவு வந்தபின் வக்கீல் தேடினால் அதிலேயே பாதி ஓடிவிடும், முதல் வாரமே பேசி வையுங்கள். அடுத்தது மாற்றுத் திட்டம். டாட் ஆர்க்கை நாங்கள் நடத்துகிறோம் என்று ஐகானின் முதல் தலைவர் எஸ்தர் டைசன் உள்ளிட்டவர்கள் ஒரு கூட்டுறவு அமைப்பையே பதிவு செய்தார்கள். அது கடைசியில் தேவைப்படவில்லை. ஆனால் விற்காவிட்டால் யார் நடத்துவது என்று எதிர்த்தரப்பு கேட்டபோது கையில் பதில் இருந்தது.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒரு பக்கத்தில் முன்னறிவிப்பு விதியையும் பத்தாண்டுப் புதுப்பிப்பையும் சேர்ப்பீர்களானால் நானும் படித்துத் திருத்தித் தருகிறேன். கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.